ஒரே கட்டத்தில் இரண்டு எடை

பிப்ரவரி 11

தலையணை உறைகள் நான்கும் அரை அங்குலம் குறைவாக வந்திருக்கின்றன. அளவுகோலை வைத்துக் காட்டினேன். எதிர்வீட்டுத் தையல்காரர் சற்றும் அசையவில்லை. "உறை சரியாத்தாம்மா இருக்கு. தலையணைதான் ஊதிப்போச்சு" என்றார். மெஷினுக்குப் பின்னால் அவர் மனைவி சிரித்தாள். அவளுக்கு இது ஏழாம் மாதம். சிரித்தால் வயிறு மெஷினில் இடிக்கிறது. தங்கை என் கையிலிருந்த உறையைப் பிடுங்கித் தலையணையை உள்ளே திணித்துவிட்டு, "பார், நுழைஞ்சிடுச்சு. எழுபத்துமூணு வயசாகியும் உனக்கு அரை அங்குலத்தை விட மனசு வரல" என்றாள்.

திணித்தால் எதுவும் நுழையும். அதற்குப் பெயர் அளவு அன்று.

பிப்ரவரி 14

பிற்பகல் தூக்கத்தில் தங்கை வந்து உலுக்கினாள். "புட்டியோட ஒருத்தி வந்து உக்காந்திருக்கா. உன்னைத்தான் கேக்கறா."

வந்தவர் மகப்பேறு மருத்துவமனையின் பாலூட்டு அறை நர்ஸ். நாற்பத்தைந்து வயதிருக்கும். அந்த மருத்துவமனையின் புள்ளிவிவரப் பிரிவில் நான் முப்பத்தொரு ஆண்டுகள் இருந்தேன். இவர் நான் விலகிய பின் வந்தவர். உதடு பிளந்தோ மேலண்ணம் பிளந்தோ பிறக்கும் குழந்தைகளுக்கு எப்படிப் பால் புகட்டுவது என்று தாய்மார்களுக்குக் கற்றுக்கொடுப்பது அவர் வேலை. அத்தகைய குழந்தையால் உறிஞ்ச முடியாது. வாயில் காற்றை அடைத்து வைக்க வழியில்லை. அதற்கென்று ஒரு மெத்தென்ற புட்டி உண்டு. தாய் அமுக்கினால் பால் தானே இறங்கும். அதைத்தான் மேசைமேல் வைத்திருந்தார். பேச்சு தடுமாறினால் காட்டுவதற்காகக் கொண்டுவந்தாராம்.

பாலூட்டு அறையை மூடப்போகிறார்கள். தனி அறை வேண்டுமானால் ஆயிரம் பிறப்புக்கு ஒரு குழந்தையேனும் பிளவோடு பிறக்க வேண்டும் என்பது விதி. மருத்துவமனையின் கணக்கோ ஆயிரத்தெண்ணூறுக்கு ஒன்று என்கிறது.

"உலகம் முழுக்க எழுநூறுக்கு ஒண்ணுங்கறாங்க. நம்ம ஊர்க் குழந்தைங்க மட்டும் என்ன வரம் வாங்கிட்டா வந்துச்சு? உங்க பிரிவு நம்பரை வச்சுத்தான் மேடம் எங்களை மூடறாங்க."

"நான் ஓய்வு பெற்றுப் பதினைந்து வருடமாகிறது" என்றேன்.

"நம்பர் ஓய்வு பெறலையே."

கெட்டிக்காரி. எனக்குக் கெட்டிக்காரிகளைப் பிடிக்காது. என்னைப் போலவே பேசுவார்கள்.

பிப்ரவரி 15

பழைய கணக்கைக் கிளற முடியாது என்று சொல்லி நர்ஸை அனுப்பிவிட்டேன். சரியாகத்தான் செய்தேன்.

பிப்ரவரி 19

போனேன்.

பழைய பிரசவப் பதிவேடுகள் மருத்துவமனைக் கட்டடத்தின் அடித்தளத்தில் கிடக்கின்றன. தண்ணீர்க் குழாய்களுக்குக் கீழே இரும்பு அலமாரி. ஒவ்வொரு பதிவேடும் ஒரு சிறு மேசைப் பலகை அளவு. முதுகுகளைக் கரையான் தின்றிருக்கிறது, உள்தாள்கள் பிழைத்திருக்கின்றன. காப்பாளர் ஒரு நாற்காலியும் விளக்கும் கொடுத்தார். "எதைத் தேடறீங்க?" என்றார். "ஒரு விகிதம் எந்த வருடத்தில் விழுந்தது என்று" என்றேன். வழுக்கி விழுந்தவரைப் பற்றிக் கேட்டதுபோல் வருத்தத்துடன் தலையாட்டிவிட்டுப் போனார்.

பிப்ரவரி 27

ஆண்டறிக்கைகளை வரிசையாக வைத்துப் பார்த்ததில், விகிதம் சிறுகச் சிறுகக் குறையவில்லை. முப்பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் ஒரே ஆண்டில் பாதிக்கும் கீழே விழுந்து, பிறகு அங்கேயே படுத்துக்கொண்டது. நோய்கள் இப்படி நடப்பதில்லை. மனிதர்கள்தாம் இப்படி நடப்பார்கள். யாரோ எண்ணும் முறையை மாற்றியிருக்கிறார்கள்.

விழுந்த ஆண்டுக்கு முன்னே இரண்டு ஆண்டுகள், பின்னே இரண்டு ஆண்டுகள் என்று எடுத்துக்கொண்டேன். வரி வரியாக எண்ண வேண்டும். வேறு வழியில்லை; இருந்தாலும் நான் நம்பமாட்டேன்.

மார்ச் 5

கண் எரிகிறது. பூதக்கண்ணாடியின் வட்டம் சாப்பாட்டுத் தட்டிலும் தெரிகிறது.

முன்னிரண்டு ஆண்டுகளில் 13,412 பிறப்பு. குறிப்புப் பத்தியில் டாக்டர் 'உதட்டுப் பிளவு' என்று எழுதியவை பதினொன்று. பின்னிரண்டு ஆண்டுகளில் 14,070 பிறப்பு. அவ்வாறு எழுதியவை எட்டு. இந்த வித்தியாசம் ஒன்றுமில்லை. நாணயத்தைச் சுண்டினாலும் வரும். உதடு விஷயத்தில் எதுவும் மாறவில்லை. பிளந்த உதட்டைக் கண்ணுள்ள எவரும் பார்ப்பார்.

ஆனால் ஒன்று கவனித்தேன். முன்னிரண்டு ஆண்டுகளில் சில வரிகளில் எடைக் கட்டத்துக்குள் இரண்டு எண்கள் இருக்கின்றன. மேலே மையில் பிறப்பெடை; அடியில், பென்சிலில், இடுக்கித் திணித்த இன்னோர் எண். எல்லா வரிகளிலும் இல்லை. சில குழந்தைகளுக்கு மட்டும். இரண்டாவது எப்போதும் முதலாவதைவிடக் குறைவு.

பின்னிரண்டு ஆண்டுகளில் அப்படி ஒன்றுகூட இல்லை. கட்டங்கள் எல்லாம் கண்ணாடிபோல் சுத்தம்.

மார்ச் 7

நர்ஸ் தன் அறையின் பழைய நோட்டுகளைத் தேடிக் கொண்டுவந்தார். அவருக்கு முன்னிருந்தவருக்கும் முன்னிருந்தவர் எழுதியது. இருவருமாக ஒப்பிட்டோம். இரண்டு எடை எழுதப்பட்ட குழந்தைகளில் குறைமாதத்தவரை நீக்கினால் எட்டுப் பேர் மிஞ்சினர். எட்டுப் பேரின் தாயார் பெயரும் அந்த நோட்டில் இருக்கிறது. எட்டும் அண்ணப் பிளவு. உதடு முழுசாக இருக்க, வாய்க்குள் கூரை மட்டும் பிளந்தவை. வெளியே தெரியாது. குழந்தை பார்க்க நன்றாகவே இருக்கும். பால் மட்டும் இறங்காது.

பதினொன்றும் எட்டும் பத்தொன்பது. எழுநூற்றாறுக்கு ஒன்று. உலகக் கணக்குதான்.

பின்னிரண்டு ஆண்டுகளில் எட்டும் பூஜ்யமும். ஆயிரத்து எழுநூற்று ஐம்பத்தொன்பதுக்கு ஒன்று.

பதினொன்று எட்டாகக் குறைவது தற்செயல். எட்டு பூஜ்யமாவது தற்செயல் அன்று. அவ்விரண்டு ஆண்டுகளிலும் ஏறக்குறைய எட்டுக் குழந்தைகள் வாய்க்கூரை பிளந்து பிறந்தே இருக்கும். யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

"எதுக்கு மேடம் திடீர்னு ரெண்டாவது எடையை நிறுத்தினாங்க?" என்று நர்ஸ் கேட்டார். தெரியவில்லை என்றேன்.

உண்மையிலேயே தெரியவில்லை.

மார்ச் 8

சுற்றறிக்கைக் கோப்பு. எண் பதினாறு. "பிரசவப் பதிவேட்டின் எடைக் கட்டத்தில் ஓர் எண் மட்டுமே எழுதப்பட வேண்டும். அடித்தெழுதுதல், மேலெழுதுதல், பென்சிலால் இடைச்செருகுதல் ஆகியவை இன்றுமுதல் அனுமதிக்கப்படமாட்டா."

கையெழுத்து என்னுடையது.

மார்ச் 9

என் கையெழுத்தைப் பார்த்த பிறகுதான் நினைவு திரும்புகிறது. முப்பத்துநான்கு வயது. பிரிவின் பொறுப்புக்கு வந்து மூன்றாம் மாதம். அதற்கு முன் நான் குமாஸ்தாவாக இருந்தபோது, இரண்டு எண்களைக் கண்டால் எழுந்து வார்டுக்குப் போய், "இதில் எது சரி?" என்று கேட்பேன். "ரெண்டும் சரிதான். அடியில இருக்கறது மூணாம் நாள் எடை" என்பார்கள். "ஏன் மறுபடி எடை பார்த்தீர்கள்?" என்றால், "வாய்க்குள்ள ஓட்டை" என்பார்கள். அதைக் குறித்துக்கொண்டு வந்து பிளவுக் கணக்கில் சேர்ப்பேன். அந்தக் கேள்வியால்தான் கணக்கு சரியாக இருந்தது. ஆனால் எனக்கோ அது கௌரவக் குறைவாக இருந்தது. பல்கலைக்கழகத்தில் தங்கப்பதக்கம் வாங்கியவள் ஓர் எண்ணுக்காக வார்டு வார்டாக ஏறி இறங்குவதா? பொறுப்புக்கு வந்ததும், கேள்வி கேட்கத் தேவையில்லாதபடி பதிவேட்டைத் திருத்திவிட்டேன்.

அடுத்த ஆண்டு பாராட்டுக் கடிதம் வந்தது. "தூய்மையான தரவு." அது இன்னும் பீரோவில் இருக்கிறது. தங்கைதான் கண்ணாடிச் சட்டம் போடச் சொன்னாள். நான் பெருமையாக மறுத்தேன்.

எழுதாதே என்றுதான் சொன்னேன். நிறுக்காதே என்று சொல்லவில்லையே? எடை பார்த்திருப்பார்கள். எழுதாமல் விட்டிருப்பார்கள். அப்படித்தானே இருக்க முடியும்?

மார்ச் 13

அந்தக் காலத்து மருத்துவச்சிகளில் ஒருத்திதான் மிச்சம். வார்டில் எல்லோருக்கும் அவள் பெரியக்கா. எண்பத்துநான்கு வயது, மகன் வீட்டு மாடியில் ஓர் அறை. நான் போனபோது கட்டிலில் உட்கார்ந்து துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடி மடிக்கிறாள். கை சும்மா இருக்காதாம்.

"வாடி, கணக்குப் பொண்ணு. தலையெல்லாம் வெளுத்துப்போச்சே. நீ சாகமாட்டேன்னுல்ல நெனச்சேன், சாவுக்கும் ஒரு பாரம் குடுத்து நிரப்பச் சொல்லுவேன்னு."

சிரித்தேன். பிறகு கேட்டேன். சுற்றறிக்கைக்குப் பின்னும் மூன்றாம் நாள் எடை பார்த்தீர்களா?

துண்டை மடித்தபடியே சொன்னாள்:

"எழுத எடமில்லாத எடையை எதுக்குடி நிறுக்கறது?"

நானும் ஒரு துண்டை எடுத்து மடிக்கத் தொடங்கினேன்.

"ஒரு நாளைக்கு இருபது பிரசவம். நிக்க நேரமிருக்காது. எந்தக் குழந்தை மார்ல நிக்காம அழுவுதோ அதை மூணாம் நாள் தூக்கிப் போடுவோம் தராசுல. எல்லாம் கொஞ்சம் எறங்கத்தான் செய்யும். பத்துல ஒரு பங்குக்கு மேல எறங்கினா வாய்க்குள்ள வெரலை விட்டுப் பாப்போம். அந்த நம்பரை எழுதி வச்சாத்தானே அடுத்த ஷிப்டுக்காரி பாப்பா? எங்களுக்குள்ள பேச்சே அந்தப் பென்சில்தான். நீ வேணாம்னுட்டே. ஒரு மாசம் தனியா ஒரு தாள்ல எழுதினோம். அதையும் ஒங்க பிரிவுலேர்ந்து ஒருத்தன் வந்து கிழிச்சான், கண்ட தாளெல்லாம் வார்டுல கூடாதுன்னு. அப்புறம் விட்டுப்போச்சு. புதுசா வந்தவளுங்களுக்கு அப்படி ஒரு பழக்கம் இருந்ததே தெரியாது."

"நீங்கள் என்னிடம் வந்து சொல்லியிருக்கலாமே, பெரியக்கா."

"வந்தேனே. ஒன் ரூம் வாசல்ல அரை மணி நேரம் நின்னேன். எழுத்துமூலம் தரச் சொன்னே. எனக்கு எழுத்து அவ்வளவு வராது."

இது எனக்கு நினைவில்லை. நினைவில்லை என்பதுதான் பயமாக இருக்கிறது. வாசலில் நின்ற ஒருத்தியை மறந்திருக்கிறேன். பாராட்டுக் கடிதத்தின் தேதி மட்டும் மனப்பாடம்.

மார்ச் 14

முப்பத்தொன்பது ஆண்டுகள். ஆண்டுக்குச் சுமார் 6,700 பிறப்பு. 13,412க்கு எட்டு என்றால் —

நூற்று ஐம்பத்தாறு.

இவர்களில் எத்தனை பேர் தப்பினர், எத்தனை பேர் தப்பவில்லை என்பது எனக்குத் தெரியாது. தெரியாததை எழுதாமலிருப்பது என் தொழில் தர்மம். எவ்வளவு வசதியான தர்மம்.

மார்ச் 21

நர்ஸிடம் சொல்லிவிட்டேன். முகம் மாறும் என்று எதிர்பார்த்தேன், மாறவில்லை. சிறிது நேரம் புட்டியின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். பிறகு, "என்கிட்ட வர்றதெல்லாம் இருபது நாள், ஒரு மாசம் கழிச்சுத்தான் மேடம் வருது, தோலும் எலும்புமா. ஏன் இவ்வளவு லேட்டுன்னு அம்மாங்களைத்தான் திட்டிட்டிருந்தேன்" என்றார்.

தன் மேசைக் கணினியையும் காட்டினார். இப்போது பதிவேடு அதில்தான். என் பழைய படிவத்தை அப்படியே பெயர்த்து வைத்திருக்கிறார்கள். எடைக் கட்டத்தில் ஓர் எண்ணை அடித்தார், ஏற்றுக்கொண்டது. பக்கத்தில் இன்னோர் எண்ணை அடித்தார். கட்டம் சிவந்துபோய், 'பிழை' என்றது.

முப்பத்தொன்பது ஆண்டுகளாக நான் அங்கே உட்கார்ந்து பிழை, பிழை என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஏப்ரல் 2

பாலூட்டு அறையை மூடுவது பற்றி முடிவெடுக்கும் குழுவின் கூட்டம். நீள மேசை, ஐந்து பேர், யாரும் தொடாத பிஸ்கட். துணை இயக்குநர் எழுந்து நின்று வரவேற்றார். "மேடத்தோட பதினாறாம் சுற்றறிக்கையை இன்னிக்கும் பயிற்சி வகுப்பில காட்டறோம்" என்றார்.

இருபது நிமிடம் பேசினேன். அட்டவணைகளைக் கொடுத்தேன். விகிதம் குறையவில்லை, பார்வைதான் குறைந்தது. குறைத்தது என் உத்தரவு. ஆகவே இந்த எண்ணை வைத்து அறையை மூடக்கூடாது என்று எழுத்துமூலமாகவே தந்தேன். எழுத்துமூலம் தருவதில் நான் வல்லவள்.

துணை இயக்குநர் பொறுமையாகக் கேட்டார். "அந்தப் பென்சில் எடை அதிகாரபூர்வமான பதிவு இல்லையே மேடம்."

"அதை அதிகாரபூர்வம் இல்லாமல் ஆக்கியதே நான்தான்."

"அதைத்தான் நானும் சொல்றேன்."

இளம் டாக்டர் ஒருத்தி மட்டும், "கணினியில மூணாம் நாள் எடைன்னு ஒரு கட்டம் சேர்த்தா என்ன?" என்று கேட்டாள். இப்போதெல்லாம் இரண்டாம் நாளே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம், மூன்றாம் நாள் குழந்தையே இங்கிருக்காது என்று பதில் வந்தது. எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், வேறென்ன செய்வாள்.

பாலூட்டு அறையின் நோட்டுகளையாவது கணக்கில் எடுங்கள் என்றேன். அதில் வெளியூர்ப் பிரசவங்களும் கலந்திருப்பதால் தூய்மையான தரவு அன்று என்றார் துணை இயக்குநர்.

என் சொல்தான். சொல் மாறாமல் திருப்பித் தந்தார்கள்.

ஏப்ரல் 10

ஆணை வந்துவிட்டது. அறை இனி துணி வைக்கும் கிடங்கு. நர்ஸை ஒரு மணி நேரப் பேருந்துத் தொலைவில் தடுப்பூசி மையத்துக்கு மாற்றிவிட்டார்கள். "பதினோரு புட்டி மிச்சம் மேடம். கணக்கில வராததை நானே எடுத்துக்கிட்டேன்" என்று தொலைபேசியில் சொன்னார். முதல்முறையாகக் கணக்கில் வராத ஒரு பொருளைப் பற்றிக் கேட்டு நிம்மதியடைந்தேன்.

மேலிடத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். பதில் வராது. நானும் அப்படியொரு மேலிடமாக உட்கார்ந்திருந்தவள், தெரியும்.

ஏப்ரல் 18

எதிர்வீட்டில் பெண் குழந்தை. நேற்று என் பழைய மருத்துவமனையில்தான் பிறந்தது. இரண்டு கிலோ எண்ணூறு. தையல்காரர் படியேறி வந்து சொன்னார். "எடை சரியா இருக்காம்மா, நீங்க அரை அங்குலம் குறையுதுன்னு சொல்லமாட்டீங்களே?" தங்கை அவர் முதுகில் ஒன்று வைத்தாள்.

ஏப்ரல் 27

காலையிலிருந்து அந்த அழுகை. பசித்த குழந்தையின் அழுகை உரக்க இருக்கும். இது உரக்க இல்லை. ஒரு பூனைக்குட்டியை அலமாரிக்குள் வைத்துப் பூட்டியதுபோல்.

போய்ப் பார்த்தேன். தாய்க்குக் கண்ணெல்லாம் உள்ளே போயிருக்கிறது. "ஒரு மணி நேரம் குடிக்கிறாம்மா, ஆனா வயிறு நெறையல. சளி வேற, மூக்கால பாலா வருது." அவளுக்குப் பால் போதவில்லை என்று வந்தவர் போனவரெல்லாம் சொல்லியிருக்கிறார்கள். அவளும் நம்பிவிட்டாள். இரவிக்கையை இழுத்து மூடிக்கொண்டு தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறாள், திருடிப் பிடிபட்டவள்போல்.

குழந்தையின் உதடு முழுசாக, அழகாக இருக்கிறது. முகவாய் மட்டும் சற்று உள்வாங்கி.

"டார்ச் இருக்கா?" என்றேன்.

அழும்போது வாய்க்குள் அடித்துப் பார்த்தேன். பின்னாலிருந்து பாதி தூரம் கூரை இல்லை.

எரிந்த டார்ச்சை அணைக்க மறந்து கையில் பிடித்துக்கொண்டே வீட்டுக்கு வந்திருக்கிறேன். தங்கைதான் வாங்கி அணைத்தாள். "என்னடி, என்ன ஆச்சு உனக்கு?" என்றாள். அக்கா என்றுகூடச் சொல்லவில்லை.

நூற்று ஐம்பத்தேழு.

ஏப்ரல் 28

நர்ஸ் விடுப்புப் போட்டுவிட்டு வந்தார். புட்டியும் ஒரு தொங்கு தராசும். இரண்டு கிலோ முந்நூற்று ஐம்பது. பிறந்த எடையில் ஆறில் ஒரு பங்கு போய்விட்டது. மூன்றாம் நாள் யாராவது ஒருமுறை தராசில் போட்டிருந்தால் —

இந்த வாக்கியத்தை முடிக்கப்போவதில்லை.

குழந்தையை நிமிர்த்தி உட்காரவைத்துப் புட்டியை எப்படி, எப்போது அமுக்க வேண்டும் என்று நர்ஸ் தாய்க்குக் கற்றுக்கொடுத்தார். "உன் பால்ல ஒரு குறையும் இல்ல. அவ வாயில கதவு மூடலை, அவ்வளவுதான்" என்றார். அந்தப் பெண் அப்போதுதான் அழுதாள். பத்து நாளாகச் சேர்த்து வைத்திருந்தது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஏம்மா, ஆஸ்பத்திரியில இதைப் பாக்கமாட்டாங்களா?" என்று என்னைக் கேட்டாள்.

"பார்க்கமாட்டார்கள்" என்றேன். அதற்கு மேல் சொல்லத் தைரியம் வரவில்லை. குழுவில் ஐந்து பேர் முன்னால் வந்த தைரியம் அவள் ஒருத்தி முன்னால் வரவில்லை.

மே 1

2,380. முப்பது கிராம் கூடியிருக்கிறது. தராசு எங்கள் வீட்டுக் கதவு மேலே கொக்கியில் தொங்குகிறது. தங்கை துணித்தொட்டிலைப் பிடித்துக்கொள்ள, நான் முள்ளைப் பார்க்கிறேன். முள் நடுங்குவது தங்கையின் கையாலா, என் கண்ணாலா என்று சண்டை.

மே 4

2,440. தையல்காரர் ராக்கெட் விட்டதுபோல் சந்தோஷப்பட்டார். "நீங்க மட்டும் பாக்கலேன்னா என்னம்மா ஆயிருக்கும்?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள் அவர் மனைவி.

கையை எடுத்துக்கொண்டேன். அடுப்பில் ஏதோ வைத்திருப்பதாகச் சொன்னேன். அடுப்பில் ஒன்றுமில்லை.

மே 6

2,430. பத்துக் கிராம் ஒன்றுமில்லை. முள்ளின் பிழையாகக்கூட இருக்கலாம்.

மே 7

முள்ளின் பிழை இல்லை. 2,390. மூச்சு விடும்போது விலா உள்ளே இழுக்கிறது. முதல் பத்து நாளில் பால் நுரையீரலுக்குள் போயிருக்கும் என்கிறார் நர்ஸ். நண்பகலில் ஆட்டோவில் ஏற்றி மருத்துவமனைக்கு அனுப்பினோம். தாய் புட்டியை மறக்காமல் எடுத்துக்கொண்டாள்.

மே 11

செய்தியில்லை. மெஷின் சத்தமில்லாத பகல் இவ்வளவு நீளம் என்று தெரியாது. தங்கை வாசலுக்குப் போவதும் வருவதுமாக இருக்கிறாள். "ஏதாவது சொல்லேன்" என்கிறாள். என்னத்தைச் சொல்ல. எனக்கு என்ன தெரியும்? எழுதத் தெரியும், கோடு போடத் தெரியும்.

மே 13

போச்சு. விடிகாலை நாலரைக்காம்.

மே 19

இறப்புச் சான்றிதழை எப்படிப் பெறுவது என்று கேட்டு வந்தார் தையல்காரர். பாரத்தை நான்தான் நிரப்பிக் கொடுத்தேன். மருத்துவமனை எழுதியிருக்கும் காரணம், நுரையீரல் தொற்று. வேறு குறிப்பில்லை. பிறப்புப் பதிவில், இயல்பான குழந்தை என்றிருக்கிறது. ஆக, இறந்தபோதும் அவள் பிளவுக் கணக்கில் சேரவில்லை. இந்த ஆண்டும் விகிதம் ஆயிரத்தெண்ணூறிலேயே நிற்கும். அறையை மூடியது சரியென்று அடுத்த அறிக்கை சொல்லும்.

அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சுற்றறிக்கை, பென்சில், பெரியக்கா வாசலில் நின்றது. இந்த முறை அடுப்பைக் காரணம் காட்டவில்லை. தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். முழுதும் விளங்கியதா என்று தெரியவில்லை. கடைசியில், "நீங்க வேணும்னு பண்ணலையேம்மா" என்றார்.

திட்டியிருக்கலாம்.

மே 30

எதிர்வீட்டில் மெஷின் மறுபடி ஓடுகிறது. அவள் ஓட்டவில்லை, அவர் மட்டும்.

ஜூன் 3

தையல்காரர் புட்டியைத் திருப்பிக் கொடுத்தார். "கொதிக்க வச்சுக் கழுவிட்டேம்மா. அந்த நர்ஸம்மாகிட்ட குடுத்துடுங்க. வேற யாருக்காவது ஆகும்." தூசி படாமலிருக்க அதற்கொரு துணிப்பை தைத்திருக்கிறார். அவர் போன பின் எடுத்துப் பார்த்தேன். கழுத்திலும் அடியிலும் நூலிழை கூடவோ குறையவோ இல்லை. அளவெடுத்துத் தைத்திருக்கிறார்.

நர்ஸுக்குத் தொலைபேசினேன். புட்டியை எடுக்க ஞாயிற்றுக்கிழமை வருகிறார். தடுப்பூசி மையத்தில் ஒருத்திக்குத் தேவைப்படுகிறதாம்.

பீரோவிலிருந்து பழைய வெற்றுப் பதிவேட்டுத் தாள் ஒன்றை எடுத்தேன், நானே கோடு போட்ட மாதிரிப் படிவம். தாயின் பெயர், தேதி, பெண் என்று நிரப்பினேன். குறிப்புப் பத்தியில், அண்ணப் பிளவு. எடைக் கட்டத்தில் 2,800 என்று மையால் எழுதி, அதற்கடியில் பென்சிலால் 2,390.

கட்டத்தில் இரண்டுக்கும் இடமிருந்தது. திணிக்க வேண்டியிருக்கவில்லை.